அந்த மூன்று நாட்கள்... மகளுக்கு நாப்கின், அம்மாவுக்கு?

விடியற்காலையில் கரைக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓட வேண்டும். கோவளத்தில் ஆரம்பித்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை கடலோரக் குப்பங்களில் மீன் விற்கப் போகும் பெண்களுக்கு இதுதான் தினசரிக் கடிகாரம். 'வீட்டுக்கு தூரம்' என்று மூன்று நாள் மூலையில் உட்கார இவர்களுக்குக் கட்டுப்படியாகுமா? கூடை இறங்கினால் அன்றைக்கு உலையும் இறங்கும். ஐஸ் தண்ணீர் புடவையில் சொட்டச் சொட்ட, சந்தையில் வெயிலில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு நடுவில்தான் அந்த நாட்களும் வந்து போகின்றன.

பழைய புடவைக் கிழிசல்தான் பலருக்கும் துணை. சரி, அதை மாற்ற எங்கே போவது? முன்பெல்லாம் சவுக்குத் தோப்பு இருந்தது. ஈ.சி.ஆர். ஓரம் ரிசார்ட்டும் காம்பவுண்டு சுவருமாக மாறிய பிறகு ஒதுங்கும் மறைவிடமும் சுருங்கிவிட்டது. எனவே பல பெண்கள் கண்டுபிடித்திருக்கும் வழி என்ன தெரியுமா? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவது! காலையில் கட்டிய துணியை வீடு திரும்பும் வரை மாற்றுவதில்லை. விளைவு? தொடை இடுக்கில் புண், அரிப்பு, நீர்க்கடுப்பு. செங்கல்பட்டுப் பக்கம் செங்கல் சூளையிலும் சவுக்கு வெட்டிலும் கூலிக்குப் போகும் இருளர் பெண்களுக்கும் இதே அவதிதான்.

ஆனால் அதே வீட்டில் பள்ளிக்கூடம் போகும் மகளின் கதை கொஞ்சம் வேறு.

தமிழ்நாட்டில் 2012-ல் 'புது யுகம்' என்ற பெயரில் இலவச நாப்கின் திட்டம் வந்தது. 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட். பாக்கெட்டுக்கு ஆறு. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவித்த தாய்மார்களுக்கு ஏழு பாக்கெட். சிறையில் இருக்கும் பெண்களையும் திட்டம் மறக்கவில்லை. பள்ளிக்கூடம் மூலமாகவும், கிராம சுகாதார செவிலியர் மூலமாகவும் கைக்கு வந்து சேரும்படி ஏற்பாடு. பலன் இல்லாமல் போகவில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுகாதாரமான முறையைக் கையாள்பவர்கள் தமிழ்நாட்டில் சுமார் 98 சதவிகிதம். இந்திய அளவில் இது சுமார் 78. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோமா? இரண்டு மாதத்துக்கு 18 என்றால் மாதத்துக்கு 9. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஐந்து நாளைக்குப் பதினைந்து முதல் இருபது வரை தேவைப்படும். அதாவது, கிடைப்பது பாதிதான். அந்தப் பாதியிலும் 'இன்னிக்கு மட்டும் ஒண்ணு குடும்மா' என்று அம்மா கை நீட்டினால்? மகளும் மிச்ச நாளைக்குத் துணிக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திட்டம் 19 வயதில் நின்றுவிடுகிறது. ஆய்வுக்காரர்கள் கேள்வி கேட்பது 24-ல் நின்றுவிடுகிறது. மாதவிலக்கு மட்டும் 45, 50 வரை போகிறதே! நடுவில் இருக்கும் இருபத்தைந்து வருஷத்துக்கு யார் பொறுப்பு? 'வாங்கிக்க வேண்டியதுதானே' என்பீர்கள். கடையில் ஒரு நாப்கின் ஐந்து முதல் பத்து ரூபாய். அம்மா, இரண்டு மகள்கள் என்று மூன்று பேர் இருக்கும் வீட்டில் மாதச் செலவைப் பெருக்கிப் பாருங்கள். கோவை முருகானந்தம் மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்யக் கிளம்பியதே இப்படி ஒரு கணக்கில்தான். 1998-ல் புது மனைவி சாந்தி அழுக்குத் துணியை மறைத்து எடுத்துப் போனதைப் பார்த்து, ஏன் நாப்கின் வாங்கக்கூடாது என்று கேட்டார். அதை வாங்கினால் வீட்டுப் பால் செலவில் கை வைக்க வேண்டியிருக்கும் என்பது சாந்தியின் பதில். முருகானந்தத்துக்கு 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய இயந்திரம் எத்தனையோ மகளிர் குழுக்களுக்குப் பிழைப்பானது. பால் பாக்கெட்டா, நாப்கின் பாக்கெட்டா என்ற கேள்வி மட்டும் இன்னும் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது. (2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி இல்லை, நாப்கினுக்கு 12 சதவிகிதம்! ஒரு வருஷம் பெண்கள் போராடிய பிறகு, 2018 ஜூலையில்தான் நீக்கினார்கள்.)

சரி, கையில் காசு குறைவு. என்ன செய்யலாம்?

மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் 'சுவிதா' என்ற நாப்கின் இருக்கிறது. 2018-ல் இரண்டரை ரூபாய்க்கு வந்தது, 2019 ஆகஸ்டில் ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள். ஒரு மாதத்துக்கு இருபது ரூபாய்க்குள் முடிந்துவிடும். கடையில் தீர்ந்துவிட்டதென்றால் வரவழைக்கச் சொல்லுங்கள். கருப்புப் பையில் சுற்றிக் கொடுக்கும்வரை தலைகுனிந்து நிற்பதெல்லாம் வேண்டாமே!

துணியே போதும் என்பவர்களா? தப்பே இல்லை. சுத்தமான பருத்தித் துணியாக இருக்க வேண்டும், நைலக்ஸ் கூடாது. பச்சைத் தண்ணீரில் அலசி சோப்புப் போடுங்கள். கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, அழுக்கும் போகாது. கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும். குடம் காசு கொடுத்து வாங்கும் ஊரில் இது சிரமம்தான், தெரியும். ஆனாலும் அரைக் குடம் ஒதுக்குங்கள். அப்புறம் முக்கியமான விஷயம்: வெயில். பாத்ரூம் மூலையிலோ, பாவாடைக்கு அடியிலோ ஒளித்துக் காயப்போட்ட துணியில் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். கொடியில் போட்டு மேலே மெல்லிய துண்டு ஒன்றை விரித்துவிட்டால் யார் கண்ணிலும் படாது, வெயிலும் படும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். 'வயசானா அப்படித்தான் கொட்டும்' என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வதை நம்ப வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம். மாதவிலக்கு அடியோடு நின்ற பிறகு திரும்ப ரத்தம் பட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. கூடை தூக்கும்போது மூச்சு வாங்குவது வயசால் அல்ல, ரத்தம் குறைந்ததால் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம்.

பகலெல்லாம் மாற்ற இடமே கிடைக்காதவர்களுக்கு மாதவிலக்குக் கப் நல்ல வழி. கேரளாவில் ஆலப்புழை நகராட்சி 2019-ல் சுமார் ஐயாயிரம் கப்களை இலவசமாகக் கொடுத்தது. கொச்சிப் பக்கம் கும்பளங்கி என்ற மீன்பிடி கிராமம், 2022 ஜனவரியில் நாப்கினே இல்லாத ஊர் என்று அறிவித்துக்கொண்டது. நம் கடலோரப் பஞ்சாயத்துகளும் யோசிக்கலாமே! விலை சில நூறு ரூபாய்தான், ஆனால் பல வருஷம் உழைக்கும். காலையில் வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு மேலும் தாங்கும், பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். ஒவ்வொரு மாதமும் வைப்பதற்கு முன்பு தண்ணீரில் கொதிக்க வையுங்கள். முதல் ஓரிரு மாதம் ராத்திரி வீட்டில் இருக்கும்போது பழகிக்கொண்டு, அப்புறம் கூடையோடு கிளம்புங்கள். காப்பர்-டி போட்டிருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.