நம்ம தெருவுல தண்ணி நிக்குமா? டோப்போ ஷீட் டிஜிட்டல் நிலப்படமாக மாறுவது எப்படி?

கனமழை எச்சரிக்கை வந்தாலே சென்னையில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "நம்ம தெருவுல தண்ணி நிக்குமா?" பதில் சொல்ல மழை அளவு மட்டும் போதாது. தரையின் மேடு பள்ளமும் தெரியணும். அதை கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்லித் தர்றாங்க? காகித வரைபடத்திலிருந்தே தொடங்கலாம்.

டோப்போ ஷீட் என்றால் என்ன?

1767-ல் தொடங்கப்பட்ட சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் நிலத்தோற்ற வரைபடம்தான் டோப்போ ஷீட். 1:50,000 அளவுள்ள படத்தில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. அதில் வளைந்து வளைந்து ஓடும் பழுப்புக் கோடுகள் சம உயரக் கோடுகள். ஒரு கோட்டில் இருக்கும் எல்லா இடமும் கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரம். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்துச் சரிவு, விலகி இருந்தால் சமதளம்.

டிஜிட்டலாக மாற்றுவது எப்படி?

* முதலில் படத்தை ஸ்கேன் செய்யணும்.
* படத்தின் மூலைகளில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்து, பூமியில் அதன் சரியான இடத்தில் பொருத்தணும். இதற்குப் பெயர் ஜியோ ரெஃபரன்சிங்.
* கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு கோட்டையும் வரைந்து, அதன் உயரத்தைப் பதிவு செய்யணும்.
* கோடுகளுக்கு நடுவில் இருக்கும் இடங்களின் உயரத்தை மென்பொருளே கணக்குப் போட்டு நிரப்பும். மேல வெயிலும் நிழலும் சேர்த்தால் மலையும் பள்ளத்தாக்கும் திரையில் எழுந்து நிற்கும்.

பொறுமை தேவைப்படுவது மூன்றாவது வேலைக்குத்தான். 340 மீட்டர் என்பதை 430 என்று தட்டிவிட்டால், இல்லாத ஒரு மதில் மலைச்சரிவில் முளைத்துவிடும்!

சிக்கல் எங்கே?

1:50,000 படங்களில் பொதுவாக 20 மீட்டருக்கு ஒரு கோடுதான். நீலகிரி போன்ற மலைப்பகுதிக்கு அது ஓரளவு போதும். ஆனால் சென்னையின் சராசரி உயரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 7 மீட்டர்தான். பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளை விட்டால் நகரின் பெரும்பகுதி முதல் கோட்டுக்கே எட்டாது. இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை முடிவு செய்வது அரை மீட்டர் வித்தியாசம். கோடே இல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் போடுவது வெறும் ஊகம். படம் அழகாக இருக்கும், ஆனா நம்ப முடியாது.

சாட்டிலைட் தரவு போதாதா?

2000-ம் ஆண்டு எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாட்களில் ரேடார் மூலம் உலகின் பெரும்பகுதி நிலத்தை அளந்தது. எஸ்ஆர்டிஎம் எனப்படும் அந்தத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் 30 மீட்டர் இடைவெளி. அதோட, கட்டடங்களும் மரங்களும் நெருக்கமாக உள்ள இடத்தில் மொட்டைமாடியும் மரஉச்சியும் உயரக் கணக்கில் சேர்ந்துவிடும். தண்ணீர் ஓடுவதோ அதுக்குக் கீழே, தெருவில்.

அப்போ என்ன வழி?

லைடார். விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ லேசர் கதிர்களை அனுப்பி, அவை திரும்பும் நேரத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடும் முறை. இலைகளின் இடைவெளியில் புகுந்து தரையைத் தொடும் கதிர்களும் இருப்பதால், மரம், கட்டடங்களை நீக்கிவிட்டு வெறும் தரையை மட்டும் பிரித்தெடுக்க முடியும். சென்டிமீட்டர் கணக்கில் வித்தியாசம் தெரியும். செலவுதான் அதிகம்.

ஆக, அடுத்த முறை வண்ண வண்ணமா ஒரு வெள்ள அபாய வரைபடம் உங்க வாட்ஸ்அப்புக்கு வந்தா, உடனே ஃபார்வர்டு பண்ணாதீங்க. முதல்ல ஒரு கேள்வி கேளுங்க: இதுக்கான உயரத்தை எதை வெச்சு அளந்தாங்க?