வலிக்கலையே... அதான் வம்பு!

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ். பகல் ஒன்றரை மணி. சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்ததும் சிலருக்குக் கால் தானாகவே வேலூர் ரோட்டுப் பெட்டிக்கடைப் பக்கம் நடக்கும். ஒருத்தருக்கு வெற்றிலை, சீவல். இன்னொருத்தருக்கு, 2013-ல் தமிழக அரசு குட்கா, பான்மசாலாவுக்குத் தடை போட்ட பிறகும் எப்படியோ கைக்கு வந்து சேருகிற அந்தச் சின்னப் பொட்டலம். கிள்ளி எடுத்து, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஓர் அடக்கு! அப்புறம் சாயங்காலம் வரை யார் எந்த ஃபைலைக் கேட்டாலும் 'ம்...', 'ம்ஹும்' மட்டும்தான் பதில். (மேலதிகாரிகள் இதை அடக்கம் என்று நினைத்துக் கொள்கிறார்கள்!)

அடக்கின இடத்தில்தான் வில்லங்கம் ஆரம்பம். வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு. அல்லது சின்னதாக ஒரு புண். 'பல் குத்தியிருக்கும்... உஷ்ணம்... மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டா சரியாப் போயிடும்...' நமக்கு நாமேதானே டாக்டர்! சாதாரண வாய்ப்புண் எரியும், காபி குடிக்க விடாது, பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். புற்றுப்புண்ணோ ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆறுவதும் இல்லை. "வலிக்கலையே சார், எதுக்கு டாக்டர்?" என்கிறவர்தான் வசமாக மாட்டிக் கொள்கிறார். 2022-ம் வருடக் கணக்குப்படி, இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுக்குத்தான் முதலிடம்.

"நான் புகையிலையே தொடறதில்லை, வெறும் பாக்குதான்" என்று தப்பிக்கப் பார்ப்பவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு கூட்டிய நிபுணர் குழு, பாக்கே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2003-ல் முடிவு சொல்லிவிட்டது. போதாததற்கு, பாக்கு கன்னத்தின் உட்புறத்தை நார் நாராக இறுக்கும். வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையவில்லையா? உடனே டாக்டரிடம் காட்டுங்கள். (ஆபீஸர் எதிரில் இந்தச் சோதனை வேண்டாம்.)

சரி, புற்று எப்படிப் பரவுகிறது? கன்னத்திலோ நாக்கிலோ இருப்பது வழக்கமாக முதலில் போவது கழுத்துக்கு. நிணநீர்க் குழாய்கள் வழியாகத் தாடைக்கு அடியிலும் கழுத்தின் பக்கவாட்டிலும் உள்ள கணுக்களில் போய்க் குடியேறும். தொண்டை கெட்டால் நெறி கட்டுமே, அதே இடம்தான். ஆனால் அந்த நெறி வலிக்கும், சில நாளில் வடிந்துவிடும். இது கல் மாதிரி உட்கார்ந்திருக்கும், வலிக்காது. வாயில் உள்ள கட்டி 2 செ.மீ. அகலத்தையும் 5 மி.மீ. ஆழத்தையும் தாண்டாமல் இருந்தால் முதல் நிலை. அதே கட்டி கழுத்தில் ஒரே ஒரு கணுவை எட்டிவிட்டால் போதும், எடுத்த எடுப்பில் மூன்றாம் நிலை! இரண்டாவது ஸ்டாப்பிங்கில் நிற்காமல் பறக்கிற எக்ஸ்பிரஸ் பஸ் இது.

கழுத்தில் ஒன்றுமே தட்டுப்படாவிட்டால்? கணுக்களை முன்கூட்டியே எடுத்துவிடலாமா, வரட்டும் பார்க்கலாம் என்று விடலாமா என்பது சர்ஜன்களுக்குள் வெகுநாள் பட்டிமன்றம். தீர்ப்பு வந்தது 2015-ல், பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலிருந்து. டாக்டர் அனில் டிக்ரூஸ் குழு, ஆரம்ப நிலை வாய்ப் புற்றுள்ள 500 பேரின் முடிவுகளை அலசியது. ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வாய் ஆபரேஷனோடு கழுத்துக் கணுக்களையும் எடுத்திருந்தார்கள். மற்றவர்களுக்குக் கணுவில் நோய் தலைகாட்டிய பிறகுதான் எடுத்தார்கள். மூன்று வருடத்தில் உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் 80 சதவீதம், அடுத்ததில் 67.5. உலகமே கவனித்த முடிவு இது.

நம்மூர்த் திண்ணையில் இன்னும் ஒரு பேச்சு உண்டு: "கத்தி பட்டா பரவிடும்யா!" புண்ணிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்காமல் எந்த டாக்டராலும் அது புற்றுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சதை எடுத்ததால் பரவுவதில்லை. எடுக்க விடாமல் ஆறு மாதம் ஓட்டுகிறார்களே, அதில்தான் பரவுகிறது.

வாய்ப் புற்றுக்குப் பிரதான வைத்தியம் ஆபரேஷன். சீக்கிரம் வந்தால் பல பேருக்கு அதோடு முடிந்துவிடும். தாமதித்தால் தாடை எலும்பிலும் ஒரு பகுதி போகும். காலிலிருந்து ஓர் எலும்பை எடுத்துத் தாடை செய்கிறார்கள், முன்கையிலிருந்தோ மார்பிலிருந்தோ சதை எடுத்துக் கன்னம் ஒட்டுகிறார்கள். சாமர்த்தியம்தான். ஆனாலும் பழைய மாதிரி முறுக்கு கடிக்க முடியாது! பிறகு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் கதிர்வீச்சு. சிலருக்குக் கூடவே மருந்து ஊசியும். கதிர்வீச்சுக்கு முன்பே சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள். பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

இவ்வளவையும் தவிர்க்க என்ன செலவு? திருவனந்தபுரம் பக்கம் 1996-ல் ஆரம்பித்து, ஏறத்தாழ 1.9 லட்சம் பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதி ஊர்களில், பயிற்சி கொடுத்த பட்டதாரிகள் நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவ்வளவே! புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் சாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-ல் முடிவு வெளியானது.

ஆகவே, ஷேவ் பண்ணும்போது இரண்டு நிமிஷம் கூடுதலாகக் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். இரண்டு கன்னங்களின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், திட்டு, கழுத்தில் கட்டி என்றால், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்க் காட்டலாம். பெரிய வைத்தியம் வேண்டியிருந்தால் காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. (அண்ணா 1969-ல் மறைந்தது உணவுக்குழாய்ப் புற்றால்.) முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. அதற்கு அட்டை பதியும் இடம், அந்தப் பெட்டிக்கடைக்குப் போகும் வழியில் தினம் தாண்டிப் போகிற அதே கலெக்டர் ஆபீஸ் வளாகம்தான்!