மனச்சிதைவை அறிதல் – 6: சோம்பேறி என்ற பட்டம்

சென்ற வாரம் காதில் ஒலிக்கும் குரல்களைப் பற்றி எழுதினேன். தனக்குத்தானே பேசுவது, யாரோ பின்தொடர்வதாகப் பதறுவது, சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளிவிடுவது. இவற்றைப் பார்த்தால் எந்தக் குடும்பமும் சீக்கிரமே டாக்டரையோ கோயிலையோ தேடிப் போய்விடும். இந்த நோய்க்கு இன்னொரு பாதி இருக்கிறது. அதற்காக யாரும் யாரையும் தேடிப் போவதில்லை.

என் சித்தப்பாவுக்கு மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் குரல்கள் அடங்கின. ஆனால் அவர் திண்ணையை விட்டு எழவில்லை. குளிக்கச் சொன்னால் 'ம்' என்பார், அப்படியே கிடப்பார். தாத்தா இறந்தபோது அழவில்லை. பாட்டிக்கு அதுதான் தாங்கவில்லை. "கண்டபடி பேசினப்பவாச்சும் சீக்குன்னு இருந்தேன். இப்ப என்னடா கேடு? திமிரு" என்பாள். ஊருக்கு அவர் சோம்பேறி. சிறுவனாக நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

குரலும் சந்தேகமும் ஒரு மனிதரிடம் புதிதாக வந்து சேர்பவை. முனைப்பு, பேச்சு, முகபாவம், நாலு பேரோடு இருக்கும் ஆசை ஆகியவை அவரிடமிருந்து கழிந்து போகின்றன. இப்படிக் கழிந்து போவதை மருத்துவர்கள் எதிர்மறை அறிகுறிகள் என்கிறார்கள். பலருக்கு இந்தப் பாதிதான் முதலில் தொடங்குகிறது. நன்றாகப் படித்த பையன் கல்லூரி வயதில் அறைக்குள் ஒடுங்குவான். குரல்கள் பின்னால் வரும்.

சோம்பேறிக்குப் படுத்திருப்பதில் ஒரு சுகம் உண்டு. இவர்களுக்கு அது கிடையாது. கடலை மிட்டாயைக் கையில் கொடுத்தால் சித்தப்பா ரசித்துத்தான் தின்பார். நாலு அடி தள்ளி டப்பா இருந்தாலும் எழுந்து எடுக்க மாட்டார். ஆய்வுகளும் இதையே காட்டியிருக்கின்றன: அந்த நேரத்து இன்பத்தை இவர்களில் பலர் நம்மைப் போலவே உணர்கிறார்கள், 'எழுந்து போனால் கிடைக்கும்' என்ற முன்னுணர்வு மங்கிவிடுகிறது. நம்மைக் காலையில் பாயிலிருந்து எழுப்புவதே அந்த முன்னுணர்வுதான்.

1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது முதல், மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும் மருந்துகள் குரல்களை அடக்கி வருகின்றன. இந்த இரண்டாம் பாதியை அவை பெரிதாகத் தொடுவதில்லை. சில சமயம் மருந்தே உடலை இறுக்கி, நடையை மந்தமாக்கி, இதைப் போலவே தோன்றச் செய்யும். அதை டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். தாமாக நிறுத்துவது ஆபத்து.

பிறகு என்னதான் வழி? ஜான் விங், ஜார்ஜ் பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 1960 முதல் 1968 வரை இங்கிலாந்தின் மூன்று மனநல மருத்துவமனைகளில், ஆண்டுக்கணக்காக அங்கேயே இருந்த பெண்களைக் கவனித்தார்கள். தேறியவர்களிடம் பளிச்சென்று தெரிந்த மாற்றம் ஒன்று: சும்மா இருக்கும் நேரம் குறைந்திருந்தது. அதற்காகப் பிடித்துத் தள்ளினாலும் ஆகாது. நெருக்கினால் அடங்கிய குரல்கள் திரும்பக்கூடும். வீடு திரும்பியவர்களில் யாருக்கு நோய் மறுபடி வருகிறது என்று ஆராய்ந்தவரும் இதே பிரவுன்தான். ஓயாத குறைகூறலும் வெறுப்பும் உள்ள வீடுகளில் அது அதிகம் என்று கண்டார். சண்டிகரில் பின்னர் நடந்த ஆய்வில் லண்டனைவிட அத்தகைய வீடுகள் மிகக் குறைவு. ஆனால் வெறுப்பு இருந்த வீடுகளில் அங்கும் நோய் அதிகம் திரும்பியது.

சும்மா விடவும் கூடாது, விரட்டவும் கூடாது. இந்த நடுவழியை நோயாளிகளுக்கான அன்றாட வேலையாக, தொழிற்பயிற்சியாக நம் ஊரில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் சாரதா மேனன். 1961இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஆனார். ஓய்வுக்குப் பின் 1984இல் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார்.

இதெல்லாம் என் அத்தைக்குத் தெரியாது. தினமும் காலையில் இரண்டு குடத்தோடு திண்ணை முன் நிற்பாள். "அண்ணே, ஒரு கொடம் நீ தூக்கு" என்பாள். ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டாள். எழாவிட்டால் திட்டாமல் போய்விடுவாள். பல மாதம் இப்படியே கழிந்தது. அதற்குப் பிறகும் தாமாகக் குடத்தை எடுத்தவரில்லை சித்தப்பா. அவள் வந்து நின்றால் எழுந்தார். அடிகுழாயடிக்குப் போய்வரும் வழியில் ஒருநாள், "கனமா இருக்கா?" என்று அவளிடம் கேட்டாராம்.

(தொடரும்)