முதுகெலும்பு அறுவைக்குப் பல வாரங்கள் முன்பே புகைபிடிப்பதை நிறுத்தச் சொல்வது ஏன்?

இரண்டு முள்ளெலும்புகளை ஒன்றாக்கும் இணைப்பு அறுவையில், டைட்டானியம் திருகுகளே அவற்றைக் காலமெல்லாம் பிடித்திருக்கும் என்று வாசகர் எண்ணக்கூடும். உண்மையில் அவை புதுத் தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் முட்டுகளைப் போன்றவை.

கான்கிரீட் இறுகும்வரை தளத்தில் தண்ணீர் கட்டுவதுபோல, இடையில் வைக்கப்படும் எலும்புத் துணுக்குகள் வளர்ந்து ஒட்டும்வரை, பல மாதங்களுக்கு இரத்தம் தடையின்றிப் பாய வேண்டும்.

புகை என்ன செய்கிறது? அதிலுள்ள நிகோடின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, எலும்பைக் கட்டும் செல்களையும் மந்தமாக்குகிறது. கார்பன் மோனாக்சைடோ, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் இடம்பிடித்துக்கொள்கிறது. எலும்பு ஒட்டாவிட்டால், திருகுகள் நாளடைவில் தளர்ந்தோ முறிந்தோ மறு அறுவை தேவைப்படலாம்.

ஆகவேதான் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்தி, எலும்பு ஒட்டும்வரை தொடாதிருக்குமாறு மருத்துவர்கள் பொதுவாக வலியுறுத்துகின்றனர். மெல்லும் புகையிலையிலும் நிகோடின் உண்டு என்பதால், அதற்கும் விலக்கில்லை.