சனிக்கிழமை என்ன படம்?

புதன்கிழமை சாயங்காலம் அப்பா சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடுவதற்குள் அம்மா வாசலுக்கு வந்துவிடுவாள். "சனிக்கிழமை என்ன படமாம்?" டிபன் பாக்ஸை வாங்குவதெல்லாம் பிறகுதான். தமிழ்ப் படம் என்றால் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வருவாள். இங்கிலீஷ் படம் என்றால், "சண்டையாவது இருக்குமா?" என்று இன்னொரு கேள்வி. அதற்கும் அப்பாவிடம் பதில் இருக்கும். எழுபதுகளின் கடைசி அது. கிண்டி ஐ.ஐ.டி. ஒர்க்ஷாப்பில் அப்பா டெக்னீஷியன். வளாகத்துக்குள்ளேயே ஊழியர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு.

வெளியில் இருப்பவர்களுக்கு ஐ.ஐ.டி. என்றதும் நுழைவுத் தேர்வு நினைவுக்கு வரும். எங்களுக்கு அது ஊர். 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு நிறுவனம் தொடங்கியபோது, கிண்டியில் ஆளுநர் மாளிகையை ஒட்டிய காட்டிலிருந்து 600 ஏக்கருக்கு மேல் பிரித்துக் கொடுத்தார்கள். மரங்களுக்கு நடுவே கட்டடங்கள் எழுந்தன. ஆலமரங்கள் பிழைத்தன, புள்ளிமானும் வெளிமானும் பிழைத்தன. விடுதிகளுக்கு நர்மதா, கோதாவரி, தப்தி, காவேரி என்று நதிகளின் பெயர். உள்ளே ஓடிய பஸ்களுக்கு மலைகளின் பெயர். ஒரு சாலைக்கு ஜெர்மனியின் நினைவாகப் பான் அவென்யூ. பீலியம்மனும் ஜலகண்டேஸ்வரரும் அதற்கெல்லாம் முன்பே அங்கே குடியிருந்தவர்கள். 1963இல் வனவாணி பள்ளி வந்தது. நான் படித்தது அங்கேதான்.

ஊர் என்றால் ஊர்ச் செய்தி இருக்கும். எங்கள் ஊரில் அது நடந்தும் சைக்கிளிலும் வந்தது. டைப் அடித்து, சைக்ளோஸ்டைல் எடுத்த தாள் ஒன்று பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டியிருக்கும். மை ஒரு பக்கம் அப்பியும் ஒரு பக்கம் மங்கியும் இருக்கும். மாணவர்கள் ஒட்டுவது வேறு ஜாதி: சார்ட் பேப்பரில் போஸ்டர் கலர், ஓரத்தில் மைதாப் பசை வழிந்து காய்ந்திருக்கும். கச்சேரி, வினாடி வினா, விடுதிகளுக்கு இடையே கிரிக்கெட், தொலைந்துபோன கால்குலேட்டர், இரத்த தானம், ஏதோ ஒரு நாட்டிலிருந்து வந்த பேராசிரியரின் சொற்பொழிவு, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக. போன வாரத்துத் தாளைக் கிழிக்காமல் அதன் மேலேயே ஒட்டிவிடுவார்கள். மழைக்காலத்தில் மேல் தாள் ஊறி உரிந்து, முடிந்துபோன கச்சேரி மறுபடி வெளியே வரும்.

அப்பாவுக்குப் பலகை தேவைப்பட்டதே இல்லை. மேடைக்குச் சட்டம் வேண்டும், விளக்கு தொங்கவிடக் கொக்கி வேண்டும் என்று மாணவர்கள் ஒர்க்ஷாப் வாசலில் வந்து நிற்பார்கள். எத்தனை அடி, எந்த அரங்கு, எந்தத் தேதி என்று கேட்காமல் இரும்பு வெட்ட முடியாது. அப்படியாக, நிகழ்ச்சி நடக்கப்போவது நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே எங்கள் வீட்டுச் சமையலறைக்குத் தெரிந்துவிடும். மார்டி கிரா வந்தால் இன்னும் முன்பே. 1974இல் தொடங்கிய அந்தக் கலைவிழா நெருங்குகிறது என்பதை அப்பாவின் சட்டையில் தெறித்த பெயிண்டை வைத்தே சொல்லிவிடலாம்.

சனிக்கிழமைப் படத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். திறந்தவெளி அரங்கை யாரும் தமிழில் சொன்னதில்லை, ஓ.ஏ.டி.தான். வெயிலில் காய்ந்த கல் படிகள் ராத்திரி வரைக்கும் சூடு பிடித்து வைத்திருக்கும். அம்மா பாயைச் சுருட்டி எடுத்துக்கொள்வாள். தம்பிக்குப் போர்வை, எனக்குப் பொட்டுக்கடலை. மாணவர்கள் தலையணையோடு வருவார்கள், விடுதிக் கூட்டம் விடுதிக் கூட்டமாக உட்காருவார்கள். குடும்பங்களுக்கு ஒரு பக்கம். படம் தொடங்கியதும் புரொஜக்டர் வெளிச்சத்தில் பூச்சிகள் வெள்ளை வெள்ளையாகச் சுழலும். கதாநாயகன் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவன் பதிலைச் சொல்லிவிடுவான், அரங்கமே அதிரும். அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாது; ஆனால் சிரிப்பு எங்கே வருகிறது என்று அந்தக் கூச்சலை வைத்தே பிடித்துக்கொண்டு தானும் சிரிப்பாள். ரீல் அறுந்தால் விசில். தூறல் போட்டால் பாய் தலைக்கு மேல் போகும். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். திரும்பும்போது தெருவிளக்குக்குக் கீழே மான்கள் படுத்திருக்கும். நாங்கள் சுற்றிக்கொண்டு போவோம்.

சாவுச் செய்திக்கு வேறு வழி. பஸ் டிரைவர் எங்கள் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், கழுத்தை வெளியே நீட்டிச் சொல்லிவிட்டுப் போவார். "நாலாவது லைன் பெரியவர் போயிட்டாரும்மா. நாலு மணிக்கு எடுக்கறாங்க." அம்மா, "சரிண்ணா" என்பாள். அவ்வளவுதான். வண்டி அடுத்த திருப்பத்துக்குப் போகும். நாலு மணிக்கு அந்த வாசலில் நாற்காலி போதாது.

இப்போது அந்த வளாகத்தில் நடப்பவற்றை அப்பாவிடம் சொன்னால் நம்பியிருக்கமாட்டார். மார்டி கிராவுக்கு 1996இல் சாரங் என்று பெயர் மாற்றினார்கள். ஜனவரியில் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். 2000இல் சாஸ்த்ரா என்ற தொழில்நுட்ப விழா சேர்ந்துகொண்டது. 2025 ஜனவரியில் இரண்டு நாள் ஆய்வுக்கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் வரிசையில் நின்று உள்ளே போனார்கள். வீட்டிலிருந்தே படிக்கும் பட்டப்படிப்பு 2020இல் அறிவிக்கப்பட்டது. நாடெங்கும் சிதறி, திரையில் மட்டுமே ஒருவரையொருவர் பார்த்திருக்கும் அந்த மாணவர்கள் பாரடாக்ஸ் என்ற தங்கள் விழாவுக்காக இந்த வளாகத்துக்கு வந்து கூடுகிறார்கள். அப்படி வந்த ஒரு பெண்ணை ரயிலில் சந்தித்தேன். மான் நிஜமாகவே ரோட்டைக் கடக்குமா என்று கேட்டாள். அவளுடைய கல்லூரியைப் பற்றி அவள் என்னிடம் கேட்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கடக்கும், நீ நின்று வழிவிட வேண்டும் என்றேன்.

செய்தி போகும் வேகத்தில் எனக்குக் குறையே இல்லை. ஓய்வுபெற்ற ஊழியர் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எண்பதைத் தாண்டிய அம்மா தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு, நாலாவது லைனில் ஒரு காலத்தில் குடியிருந்தவரின் பேத்திக்குக் கல்யாணம் என்பதை எனக்கு முன்னால் தெரிந்துகொள்கிறாள். அப்பா போனபோது பத்தே நிமிடத்தில் ஓசூரிலிருந்தும் ஓமனிலிருந்தும் போன் வந்தது. அந்த டிரைவர் அண்ணன் எவ்வளவு நிறுத்தி நிறுத்திச் சொன்னாலும் ஓமன் வரைக்கும் சொல்லியிருக்க முடியாது. இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் என்னைத் தொந்தரவு செய்வது ஒன்று உண்டு. பலகைக்கு யார் படிக்கிறார்கள் என்று தெரியாது. குழுவுக்குத் தெரியும். துறைக்கு ஒரு குழு, விடுதிக்கு ஒரு குழு, மன்றத்துக்கு ஒரு குழு, ஓய்வுபெற்றவர்களுக்கு ஒரு குழு. யாருக்கு என்று தீர்மானித்த பிறகுதான் செய்தியே கிளம்புகிறது. எந்தக் கல்லூரி வளாகத்துக்குப் போனாலும் இன்று இதுதான் நிலவரம்.

எனக்கு அப்போது பதிமூன்று வயது. பள்ளி விட்டு வரும் வழியில் பலகையில் ஒரு தாள் பார்த்தேன்: நட்சத்திரங்கள் எப்படிச் சாகின்றன என்பதைப் பற்றி ஒரு சொற்பொழிவு, சி.எல்.டி. என்கிற சென்ட்ரல் லெக்சர் தியேட்டரில், மாலை ஐந்தரை. அந்தத் தாளை எழுதியவர் மனதில் நான் நிச்சயமாக இருந்திருக்கமாட்டேன். இரட்டைப் பின்னலோடும் யூனிஃபார்மோடும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வாசலில் நின்ற அட்டெண்டர் மாமா அப்பாவுக்குத் தெரிந்தவர், "எங்கடா கண்ணு வந்தே?" என்று கேட்டாரே தவிரத் தடுக்கவில்லை. சொன்னதில் முக்கால்வாசி புரியவில்லை. ஸ்லைடில் ஒரு சிவப்பு நட்சத்திரம் ஊதிப் பெருகியது மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பின்னால் நான் இயற்பியல் எடுத்துப் படித்து, 31 வருடம் பள்ளியில் அதையே சொல்லிக்கொடுத்தேன். அந்தச் சொற்பொழிவு இன்றைக்கு நடந்தால் அதற்கான செய்தி எந்தக் குழுவுக்குப் போகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். டெக்னீஷியனின் பதிமூன்று வயது மகள் எந்தக் குழுவிலும் இருக்கமாட்டாள்.

வளாகம் என்பது மாணவர்களும் பேராசிரியர்களும் மட்டுமல்ல என்பதை உள்ளே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புல் வெட்டுகிறவர், மெஸ்ஸில் இட்லித் தட்டு அடுக்குகிறவர், கேட்டில் இரவெல்லாம் நிற்கிறவர், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், இவர்களெல்லாம் அந்த நிலத்தில்தான் பொழுதைக் கழிக்கிறார்கள். ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் ஒரு பலகை. அதில் இந்த வாரம் என்ன, எங்கே, எத்தனை மணிக்கு என்று தமிழிலும் இங்கிலீஷிலும் நாலு வரி. செலவு ஒரு டப்பா சாக்பீஸ். இதை எல்லா வளாகத்துக்கும் கேட்கிறேன், கெஞ்சியே கேட்கிறேன்.

போன குளிர்காலத்தில் வளாகத்துக்குப் போயிருந்தேன். அம்மாவின் பழைய சிநேகிதி ஒருத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மரத்தடியில் ஒரு போஸ்டர். அழகான நீலம், நடுவில் ஒரு வீணை, மூலையில் கறுப்புக் கட்டம் போட்ட கியூஆர் கோடு. கச்சேரி என்று தெரிந்தது. எங்கே, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள். பையில் கைவிட்டுப் பார்த்தால் என் போனில் சார்ஜ் இல்லை. காலையில் ரயிலில் பேரனோடு பேசியே தீர்த்துவிட்டிருந்தேன். போஸ்டருக்கு முன்னால் அப்படியே நின்றேன். பேட்டரி வண்டி ஒன்று சத்தமில்லாமல் கடந்து போனது.

பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் சருகைக் கூட்டிக்கொண்டு என் காலடி வரைக்கும் வந்துவிட்டார். வயது ஐம்பது இருக்கலாம். கூட்டுவதை நிறுத்தி, நான் பார்ப்பதையே தானும் பார்த்தார்.

"இன்னா மேடம், பாட்டுக் கச்சேரியா?"

"ஆமாம்மா. எங்கேன்னுதான் தெரியல. போன் செத்துப் போச்சு."

அவர் துடைப்பத்தை மரத்தில் சாய்த்தார். "இங்க எழுதினது எனக்குத் தெரியாது மேடம். ஆனா காலைல சி.எல்.டி.ல நாங்க நாலு பேர்தான் நாற்காலி துடைச்சோம். மேடைல ஜமக்காளம் விரிச்சிருக்கு, குத்துவிளக்கு வெச்சிருக்கு. அதுவாத்தான் இருக்கும். ஆறு மணிக்குள்ள முடிச்சுடணும்னு சூப்பர்வைசர் சொன்னாரு."

"நீங்க கேக்கப் போகலியா?"

"நானா?" என்று சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் போஸ்டரில் இருந்த வீணையைப் பார்த்தார். "எங்க அம்மா நல்லாப் பாடுவாங்க" என்றார்.

மணி ஐந்தே கால் ஆகியிருந்தது. அவர் வேலை ஐந்தரைக்கு முடியும் என்றார். நான் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அவர் மீதிச் சருகைக் கூட்டிக் குவித்து, கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்து, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஈர முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "இப்படிக் குறுக்கால போனா கிட்ட மேடம்" என்று முன்னால் நடந்தார்.