'இன்' போட்டால் 'இல்லை' என்று அர்த்தமா?

பெட்ரோல் டாங்கர் லாரிகளின் பின்புறத்திலும், சரக்கு ரயிலின் எண்ணெய் வாகன்களிலும் 'இன்ஃப்ளேமபிள்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பலர் பார்த்திருப்பார்கள். ஓரளவு இங்கிலீஷ் படித்தவர்களையே தடுமாற வைக்கும் சொல் இது.

டிக்கெட் 'இன்வேலிட்' என்றால் செல்லாது. கணக்கு 'இன்கரெக்ட்' என்றால் சரியில்லை. மனு 'இன்கம்ப்ளீட்' என்றால் முழுமையாக இல்லை. இந்த வரிசையில் 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பிடிக்காதது என்றுதானே தோன்றும்? உண்மை நேர் எதிரானது. எளிதில் தீப்பற்றக் கூடியது என்பதே அதன் பொருள்.

குழப்பத்துக்குக் காரணம் லத்தீன் மொழி. அதில் 'இன்' என்ற முன்னொட்டு இரண்டு உண்டு. ஒன்று 'இல்லை' என மறுப்பது. மற்றது 'உள்ளே' எனக் குறிப்பது. 'ஃப்ளாமா' என்றால் சுடர். 'இன்ஃப்ளாமாரே' என்றால் தீமூட்டுதல். நம் சொல் பிறந்தது இந்த இரண்டாவது வழியில். புண் சிவந்து வீங்கிக் காந்துவதை டாக்டர்கள் 'இன்ஃப்ளமேஷன்' என்பதும் இதே வேரிலிருந்துதான். தமிழில் அதை 'அழற்சி' என்கிறோம். அழல் என்றாலும் நெருப்புதானே!

விஞ்ஞானிகளும் இச்சொல்லை விரும்பிக் கையாண்டனர். 1766இல் ஹென்றி கேவண்டிஷ் ஆராய்ந்து 'இன்ஃப்ளேமபிள் ஏர்' என்று குறிப்பிட்ட வாயுதான் பின்னாளில் ஹைட்ரஜன் எனப் பெயர் பெற்றது.

ஆனால் தவறாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து அல்லவா? எனவே 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், 'இன்' இல்லாத 'ஃப்ளேமபிள்' என்ற சொல்லையே பயன்படுத்தும்படி வற்புறுத்தியது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃப்ளேமபிள்' என்று எழுதுவார்கள். நம் நாட்டில் 1952இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரிலோ பழைய சொல்லே இடம்பெற்றது.

இன்னொன்றும் அறிய வேண்டும். பெட்ரோலில் முதலில் பற்றிக்கொள்வது திரவம் அன்று. அதிலிருந்து எழும் ஆவி. ஆகவே எழுத்துப் பொறித்த டின் காலியாக இருந்தாலும், உள்ளே ஆவி தங்கியிருந்தால் ஒரு தீப்பொறி போதும்.

2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் மாண்டனர். விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட சமையல் காஸ் சிலிண்டரே காரணம் என ரயில்வே தெரிவித்தது. இத்தகைய பொருளை ரயிலில் எடுத்துச் செல்வோருக்கு 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க வழி செய்துள்ளது.

ஊருக்குப் புறப்படும்போது ஸ்டவ்வும் மண்ணெண்ணெய் டின்னும் மூட்டையில் ஏறாமல் பார்த்துக்கொள்வது நலம். அந்தச் சொல்லில் 'இன்' இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெருப்பு நெருப்புதான்.