மைதானத்து நியாயசபை – 6: சொல்லும் காலமும் சொல்லாத காலமும்

மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள் சிதம்பரத்தில் தேர் கீழவீதி நிலையை விட்டுப் புறப்பட்டு, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று வலமாக ஊர்ந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிலைகொள்வதைக் கண்டவர்களுக்கு, சாப்ட்பால் ஆட்டத்தில் ரன் என்பது என்ன என்று விளக்குவது எளிது. ஹோம் பிளேட்டிலிருந்து புறப்பட்டவர் முதல் பேஸ், இரண்டாவது பேஸ், மூன்றாவது பேஸ் என்று ஒன்றுக்கொன்று அறுபது அடி தூரமுள்ள முனைகளை முறை தவறாமல் தொட்டு மறுபடியும் ஹோம் பிளேட்டுக்கு வந்துசேர்ந்தால் அது ஒரு ரன். தேர் வலமாகச் செல்கிறது. இந்த ஆட்டக்காரர் இடமாக ஓடுகிறார் என்பது ஒன்றே வேற்றுமை. ஆனால் தேர் வீதி முனையைத் தொடாமல் குறுக்கே வந்துவிட முடியாது, ஆட்டக்காரர் வந்துவிடக்கூடும். அப்படி வந்துவிட்டவரைக் கண்ட அம்பயர் என்ன செய்யவேண்டும் என்ற கேள்வியில்தான் இந்த வாரத்து விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

1887-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சிகாகோ நகரத்துப் படகுச் சங்கம் ஒன்றின் கூடத்துக்குள்ளே, குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாகவும், துடைப்பக் கழியை மட்டையாகவும் கொண்டு பிறந்த இந்த ஆட்டத்துக்கு, 1926-இல் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த வால்டர் ஹாகன்சன் என்பவர் ‘சாப்ட்பால்’ என்று பெயர் சூட்டினார். அதே ஒய்.எம்.சி.ஏ. 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்பவரைக் கொண்டு உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது என்பதை முன்னரே எழுதியிருக்கிறேன். பெயர்தான் மென்மையான பந்து. பன்னிரண்டு அங்குலச் சுற்றளவும் ஏறக்குறைய ஆறரை அவுன்ஸ் எடையும் உள்ள அந்தப் பந்து, பாஸ்ட்பிட்ச் முறையில், பெண்கள் ஆட்டத்தில் நாற்பத்துமூன்று அடி தூரத்திலிருந்து, இடுப்புக்குக் கீழே சுழன்று வரும் கையினின்று மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படுமானால், பிளேட்டை அடைய அரை விநாடிகூட ஆவதில்லை. இலங்கைத் தமிழர்கள் மென்பந்து என்று சொல்லும்போது டென்னிஸ் பந்தால் ஆடும் கிரிக்கெட்டைக் குறிக்கிறார்கள். ஆகையால் அந்தப் பெயரை நான் இங்கே கையாளவில்லை.

அந்த அரை விநாடிக்குள் ஸ்ட்ரைக்கா, பாலா என்று தீர்மானிக்கும் கண்ணின் பயிற்சியைப் பற்றிச் சென்ற இரு வாரங்களில் பேசினோம். கண் ஒன்றே அம்பயருக்குப் போதும் என்ற அபிப்பிராயம் நம்மிடையே பலருக்கு உண்டு. எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. விதிப் புத்தகத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கத் தெரிந்தவர்களும், பருந்தைப் போன்ற பார்வை உடையவர்களும் மைதானத்தில் தடுமாறி நின்றதை நான் கண்டிருக்கிறேன். ஒரு விதி எப்போது வாய்திறக்கச் சொல்கிறது, எப்போது கையை மட்டும் நீட்டச் சொல்கிறது, எப்போது பிறர் கேட்கும்வரை மௌனமாக இருக்கச் சொல்கிறது என்ற கால பேதத்தை அறிவதே அம்பயருடைய சாஸ்திரத்தில் முக்கால் பங்கு என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் கால பேதம் நமக்குச் சுலபத்தில் பிடிபடாமைக்கு ஒரு காரணம் உண்டு. நாம் கிரிக்கெட்டில் ஊறியவர்கள். கிரிக்கெட் சட்டத்தில், தடுத்தாடுபவர்களில் ஒருவர் ‘எப்படி’ என்று கேட்காத வரையில் அம்பயர் எவரையும் அவுட் என்று அறிவிக்கக்கூடாது. ஸ்டம்ப் சாய்ந்து கிடப்பதைக் கண்டு பேட்ஸ்மேன் தாமே வெளியேறுவது வேறு விஷயம். சாப்ட்பாலிலோ பெரும்பாலான அவுட்டுகளை எவர் கேட்பதற்கும் காத்திராமல் அம்பயர் தாமே உரக்கச் சொல்லிவிடவேண்டும். கிரிக்கெட்டில் நின்று பழகிய ஒருவர் சாப்ட்பால் மைதானத்துக்கு வந்தால், முதல் பேஸில் பந்து முந்தியதா கால் முந்தியதா என்று தெரிந்தும், யாராவது கேட்கட்டும் என்று வாளாவிருப்பார். அதற்குள் ஓடியவர் தாம் அவுட்டா இல்லையா என்று அறியாமல் திகைத்து நிற்பார்.

உடனே சொல்லவேண்டியவற்றில் தலையாயது இன்ஃபீல்டு ஃப்ளை. முதலிரண்டு பேஸ்களிலோ மூன்று பேஸ்களிலுமோ ரன்னர்கள் நிற்கும்போது, இரண்டு அவுட் இன்னும் ஆகாதிருக்கையில், பேட்டர் அடித்த பந்து மேலே எழும்பி, உள்களத்து ஆட்டக்காரர் ஒருவர் சாதாரண முயற்சியால் பிடிக்கத்தக்கதாக இறங்குமானால், அது பிடிபடுவதற்கு முன்பே அம்பயர் வலக்கையை உயர்த்தி, பேட்டர் அவுட் என்று அறிவித்துவிடவேண்டும். பேஸ்பாலில் 1890-களில் இந்த விதி பிறந்ததற்குக் காரணம் வஞ்சகம்: பிடிக்கக்கூடிய பந்தை வேண்டுமென்றே தரையில் விட்டு, பிடிபடும் என்று நம்பிப் பேஸிலேயே நின்றுவிட்ட ரன்னர்கள் இருவரையும் ஒருங்கே வீழ்த்தும் தந்திரத்தைச் சிலர் கையாண்டனர். பேட்டர் அவுட் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் மற்றவர்கள் ஓடவேண்டிய நிர்ப்பந்தம் நீங்குகிறது, தந்திரம் பலிப்பதில்லை. ஆகையால் இந்தச் சொல்லின் பயன் முழுவதும் அது சொல்லப்படும் க்ஷணத்தில் இருக்கிறது. பந்து தரையில் விழுந்த பிறகு வரும் அறிவிப்பினால், அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டவருக்கு ஒரு நன்மையும் இல்லை.

‘சாதாரண முயற்சி’ என்ற சொல்லைக் கடலூரில் நின்று பொருள் கொள்வது வேறு, சிதம்பரத்தில் நின்று பொருள் கொள்வது வேறு. மஞ்சக்குப்பம் மைதானத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் தேவனாம்பட்டினத்துப் பக்கமிருந்து கடற்காற்று எழுந்துவிட்டால், பந்தை வீசும் பிச்சரின் தலைக்கு நேர் மேலே எழும்பிய பந்து மேற்கே நகர்ந்து நகர்ந்து இறங்குவதையும், காலையில் நின்ற இடத்திலேயே அதைப் பிடித்த பெண் மாலையில் அதன் பின்னே தடுமாறி ஓடுவதையும் காணலாம். காற்றை நீக்கிவிட்டு முயற்சியை அளப்பது நியாயமாகாது. அண்ணாமலைநகர்ப் பக்கத்து மைதானங்களில் கடல் அவ்வளவு அருகில் இல்லாமையால் இந்தச் சங்கடம் குறைவு. பந்து உச்சியை அடைந்து இறங்கத் தொடங்கும் வரையில் காத்திருந்து, அப்போது பந்தைப் பார்ப்பதோடு, அதன் கீழே நிற்பவருடைய கால்களையும் பார்க்கவேண்டும். கால்கள் நிலைத்திருந்தால் முயற்சி சாதாரணமானது. கால்கள் அலைந்தால், அது சாதாரணமா அன்றா என்று இன்னும் ஒரு மூச்சு நேரம் யோசிக்க இடமுண்டு. புதிதாக வரும் அம்பயர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

இரண்டாவது வகையில் அம்பயரின் இடக்கை பேசுகிறது. பந்து கையில் இல்லாத ஆட்டக்காரர் ஒருவர் ஓடுகிறவரின் வழியை மறித்தாலும், பிச்சர் விதிக்கு மாறாகப் பந்தை வீசினாலும், அம்பயர் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிடலாகாது. முஷ்டி மடக்கிய இடக்கையைத் தோள் மட்டத்தில் நீட்டி, கண்டேன் என்று மட்டும் தெரிவித்துவிட்டு, பந்தின் போக்கு முடியும்வரை காத்திருக்கவேண்டும். மறிக்கப்பட்டவர் மறிக்கப்படாதிருந்தால் எந்தப் பேஸை அடைந்திருப்பார் என்று அம்பயர் கருதுகிறாரோ, அதற்கு முன்னே அவர் அவுட்டாக்கப்பட்டால் அப்போதுதான் ஆட்டத்தை நிறுத்தி அந்தப் பேஸை அவருக்கு வழங்கவேண்டும். குற்றத்தைக் கண்டவுடன் நிறுத்திவிட்டால், குற்றத்தையும் மீறி நல்ல பலன் பெற்றிருக்கக்கூடியவரை அந்தப் பலனினின்று தடுத்ததாகிவிடும். தண்டனை தருவதற்காக, தண்டிக்கப்படவேண்டியவருக்கே நன்மை செய்துவிடுகிற அந்த அவசரத்தை இந்த விதி தடுக்கிறது. இதற்கு மாறாக, ஓடுகிறவர் தடுப்பவருடைய காரியத்தைக் கெடுத்தாலும், பிச்சரின் கையை விட்டுப் பந்து நீங்குமுன் ரன்னர் பேஸை விட்டு நீங்கினாலும், அந்த க்ஷணமே ‘டெட் பால்’ என்று குரல் எழுப்பி ஆட்டத்தை நிறுத்தவேண்டும்.

மூன்றாவது வகையைப் பற்றி எழுத எனக்குச் சிறிது கூச்சம் உண்டு, ஆயினும் எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு மஞ்சக்குப்பம் மைதானத்தில் இரு பள்ளிகளின் மாணவியர் ஆடிய ஆட்டம் ஒன்றில் நான் பேஸ் அம்பயராக நின்றேன். பிளேட்டுக்குப் பின்னே நின்றவர் சிதம்பரத்தைச் சேர்ந்த பெரியவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஏழாவது இன்னிங்ஸின் பிற்பகுதி, இரண்டு அவுட் ஆகியிருந்தது, ரன்கள் சமம். முதல் பேஸில் ஒரு பெண் நின்றாள். அடுத்த பேட்டர் அடித்த பந்து தடுப்பவர்களைத் தாண்டி வெளிக்களத்தின் கோடிக்கு உருண்டது. ஓடிய பெண் இரண்டாவது பேஸை ஒரு சாண் இடைவெளியில் மிதிக்காமல் கடந்ததை நான் ஒருவனே பார்த்தேன்; மற்ற எல்லோருடைய கண்களும் பந்தின் பின்னே போயிருந்தன. கிரிக்கெட் பழக்கத்தை விட்டுவிடவேண்டும், கண்டதை உடனே சொல்லவேண்டும் என்று எனக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்த அந்த நாட்களில், நான் தயங்கவேயில்லை. ‘அவுட்’ என்று கத்தினேன். மூன்றாவது பேஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்த பெண் நின்று திரும்பிப் பார்த்தாள். இன்னிங்ஸ் முடிந்தது, அதிகப்படி இன்னிங்ஸில் எதிரணி ஒரு ரன்னால் வென்றது.

பேஸை மிதிக்காமல் கடந்ததும், பிடிபட்ட பந்துக்கு முன்னே பேஸை விட்டு நீங்கியதும், முறை மாறி மட்டை பிடித்ததும் அப்பீலுக்குரியவை. தடுத்தாடும் அணி, அடுத்த பந்து வீசப்படுவதற்கு முன்னே கேட்டால்தான் அம்பயர் தீர்ப்புச் சொல்லவேண்டும். கேளாவிட்டால் அந்தப் பிழை பிழையாகவே கணக்கில் வருவதில்லை. கேட்பதற்கு முன்னே முகத்தால்கூட அதைக் காட்டிவிடக்கூடாது. ஏனெனில் எதிரியின் பிழையைக் கவனித்துக் கண்டுபிடிப்பதும் ஆட்டத்தின் திறமைகளில் ஒன்று. அந்தத் திறமையை அம்பயர் ஒரு பக்கத்துக்குக் கடனாகக் கொடுத்துவிட்டால், மைதானத்தில் அந்த அணிக்குப் பத்தாவது ஆட்டக்காரர் ஒருவர் சேர்ந்துவிடுகிறார். அன்று நான் அப்படிப் பத்தாவது ஆளாக நின்றேன்.

அன்று மாலை பெரியவரும் நானும் சிதம்பரம் பஸ்ஸில் ஒன்றாக அமர்ந்து வந்தோம். ஆலப்பாக்கம் தாண்டும் வரையில் அவர் ஒன்றும் பேசவில்லை. புதுச்சத்திரம் நெருங்கும்போது மெல்லக் கேட்டார்: “தம்பி, அந்தப் பொண்ணு இரண்டாவது பேஸை மிதிக்கலைன்னு யாராவது உன்கிட்ட கேட்டாங்களா?”

“இல்லீங்க ஐயா. நான் பார்த்தேன்.”

“பார்த்தது சரிதான். கேட்டாங்களா?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. உடம்பெல்லாம் வியர்த்தது. “ஐயா, நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“அது உன் பேஸ், உன் தீர்ப்பு. ஒரு அம்பயர் தீர்ப்பை இன்னொரு அம்பயர் தானா வந்து மாத்தக்கூடாதுன்னு விதி இருக்கு. நீ என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், தம்பி. நீ திரும்பவே இல்லை.”

தோற்ற அணியை அழைத்து வந்திருந்த ஆசிரியைக்கும் ஒரு வழி திறந்திருந்தது. அம்பயருடைய பார்வையைக் குறித்து, அதாவது கால் பட்டதா படவில்லையா என்பதைக் குறித்து ஆட்சேபம் எழுப்ப எவருக்கும் உரிமை கிடையாது; ஆனால் விதியைத் தவறாகப் பிரயோகித்ததைக் குறித்து முறைப்படி ஆட்சேபிக்க இடம் உண்டு. கேட்காத அப்பீலுக்குத் தீர்ப்புச் சொன்னது இவற்றில் பின்னதைச் சேர்ந்தது. அந்த ஆசிரியைக்கு அது தெரியவில்லை. மிதிக்காதது மிதிக்காததுதானே என்று மாணவிகளைத் தேற்றி அழைத்துப் போய்விட்டார். விதியறிவு அம்பயருக்கு மட்டும் உரியது என்று ஆட்டக்காரர்களும் ஆசிரியர்களும் விட்டுவிடுவதனால் நேரும் நஷ்டம் எத்தகையது என்பதை அந்த மாலையில் அறிந்துகொண்டேன்.

இந்த மௌனம் கண்மூடி இருப்பதன்று. கேட்கும் பட்சத்தில் உடனே விடைசொல்லத்தக்கவாறு ஒவ்வொரு ரன்னரும் ஒவ்வொரு பேஸையும் மிதித்தாரா என்று பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டு அம்பயர்களே நிற்கும் ஆட்டத்தில், பந்தின் பின்னே யார் பார்ப்பது, பேஸ்களை யார் பார்ப்பது என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளாவிட்டால், அப்பீல் வரும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். பெரியவர் ஆட்டம் தொடங்குமுன் கையிலுள்ள சிறு துடைப்பத்தால் பிளேட்டைத் துடைக்கும்போதே இந்தப் பங்கீட்டைச் சொல்லிவிடுவது வழக்கம்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் பள்ளி கல்லூரிகளில் இந்த ஆட்டத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாரத்தில் ஒரு நாள் பயிற்சி ஆட்டத்தில், பாதி இன்னிங்ஸுக்கு ஒருவராக மாணவர்களையே மாற்றி மாற்றி அம்பயராக நிறுத்துங்கள்; இடக்கை நீட்டும் பழக்கமும் வாய் மூடியிருக்கும் பழக்கமும் அவ்விதமாகவே கைவரும். மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் நழுவவிட்டால் நேரும் விவகாரத்தை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம். அதற்குள், முதல் பேஸில் ஒரு ரன்னர் நிற்க, ஓர் அவுட் மட்டுமே ஆகியிருக்கும் நிலையில், அந்தப் பேட்டர் ஓடலாமா கூடாதா என்பதை வாசகர்கள் யோசித்து வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.